துரும்பின் மறுமுனை

அவள் பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டும். முன்னால் ஊர்ப்பெயர் எழுதிய போர்டோடு பஸ் வந்து நிற்கும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் தெரியாது. நானென்றால் நாலு பேர் ஏறுவதைப் பார்த்து ஏறிவிடுவேன். அப்படி ஏறி வேறு ஊரில் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பியதும் உண்டு. அவள் அப்படியில்லை. பக்கத்தில் நிற்பவரிடம், "இது அரியலூரு போவுதுங்களா?" என்று கேட்பாள். போகும் என்பார். தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்கும் இன்னொருவரிடம் போய் அதையே கேட்பாள். அவரும் போகும் என்றால்தான் படியில் கால் வைப்பாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டால், அடுத்த பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நிற்பாள். அதற்காக முகம் வாடியதில்லை.

"ஒருத்தரு சொன்னா பத்தாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தரு சொன்னா அது அவரு சொல்றதுண்ணே. ரெண்டு பேரு சொன்னாத்தான் அது போர்டு சொல்றது" என்றாள்.

அவள் என் சித்தப்பா மகள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி அவளுக்கு இல்லை. அதனால் அண்ணன் முறைக்கு நான்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லி யாராவது பெயரை எழுதினால், சரியாகத்தான் எழுதியிருக்கிறதா என்று படித்துச் சொல்ல இரண்டு பேரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்போது நான் சுண்ணாம்புக்கல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லுக்குள் நத்தை, சிப்பி எல்லாம் கல்லாகவே கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று சூளைக்கு வந்த ஒரு வாத்தியார் சொன்னார். நான் வந்து அவளிடம் சொன்னேன். "இன்னொரு வாத்தியாரு வரட்டும், கேப்போம்" என்று சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள்.

வண்டி என்னுடையது. மாட்டில் பாதிதான் என்னுடையது. வலது பக்கத்து மயிலை என் மாடு. இடது பக்கத்துச் செவலை எங்கள் ஊர் நாட்டாமையுடையது. வாரம் இரண்டு நடை அவருக்குக் கல் இழுத்துப் போட்டால், மற்ற நாளில் செவலையை நான் பூட்டிக்கொள்ளலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அந்த மாடு வரும்.

அவளை மீன்சுருட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அப்போது லாரி ஓட்டினான். நல்ல உயரம், சிரித்த முகம், கடுமையாகப் பேசமாட்டான். அவனைக் கெட்டவன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை. கவர்மெண்டு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்ததும் ஆள் மாறினான். வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க அவன் ஊரிலேயே ஒருவர் முன்வந்தார், நிலத்தோடு. இவள் இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அனுப்பினான் என்பார்கள் சிலர், வந்தாள் என்பார்கள் சிலர். அவளைக் கேட்டால், "கதவு தொறந்து இருந்துச்சு, ஆனா சோறு இல்ல" என்பாள்.

முதல் பெண்சாதி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் கவர்மெண்டு வேலை போய்விடும். அதனால் அவனுக்கு, தீர்த்தாகிவிட்டது என்று ஒரு காகிதம் வேண்டியிருந்தது. நாட்டாமையைப் பிடித்தான்.

எங்கள் சனத்தில் தீர்க்கும் விதம் இதுதான். கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவிக்கொண்டு வருவார்கள். புருஷன் ஒரு முனையைப் பிடிப்பான், பெண்சாதி மறுமுனையைப் பிடிப்பாள். நாட்டாமை "இழுங்க" என்பார். துரும்பு முறிந்தால் கல்யாணம் முறிந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் ஆகும். இதற்கு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகாது.

பஞ்சாயத்துக்கு முந்தின வாரம் அவள் ஒரு வேலை செய்தாள். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் துரும்பு பிடித்த பெண்கள் வீட்டுக்கெல்லாம் போனாள். "புடிச்சதுக்கப்பறம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். ஒருத்தி, பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். அதோடு விடாமல் இன்னொருத்தியைத் தேடிப் போனாள். அவளும் அதையேதான் சொன்னாள். கூடவே, கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்கப் போனதற்கு, நீயாகத்தானே ஒப்பிப் பிடித்தாய் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள் என்று அழுதாளாம்.

பஞ்சாயத்து அன்று மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். மாப்பிள்ளை காக்கிச் சட்டையோடு வந்திருந்தான், டூட்டிக்குப் போக வேண்டும் என்று. துரும்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவள் பிள்ளையை இடுப்பில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"புடி புள்ள" என்றார் நாட்டாமை.

"கையி காலியா இல்லீங்களே."

"புள்ளய எறக்கி விடு."

"எறக்கி விட்டா வேற யாராச்சும் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது. நாட்டாமைக்கு முகம் சிவந்துவிட்டது. "தீத்துக்க ஒனக்குச் சம்மதமா, இல்லியா?"

"தீத்துக்க நான் வேணாங்கல. மனசு இல்லாத எடத்துல எனக்கு என்ன வேல? ஆனா எனக்கும் எம் புள்ளைக்கும் என்னன்னு எழுதிப் படிச்சுக் காட்டுங்க. ரெண்டு பேரு படிக்கட்டும். அப்பறம் புடிக்கிறேன்."

"நான் சொன்னா பத்தாதா?"

"நீங்க ஒருத்தருதானுங்களே."

இதைச் சண்டை போடுவது மாதிரி சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்பது போலத்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்கு இன்னும் கோபம். மாப்பிள்ளை கை வாட்சைப் பார்த்தான். நாட்டாமை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது.

"ஏய், நீதானடா அண்ணன் முறை? அவளுக்காக நீ புடி."

நான் பிடித்திருக்கக் கூடாது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம் வண்டியில் பூட்டியிருந்த செவலை. காலையில்தான் அவருக்கு ஒரு நடை இழுத்துப் போட்டிருந்தேன். அண்ணன் பிடித்தால் தங்கை பிடித்த மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்ப் பிடித்தேன். இழுத்தோம். முறிந்தது. என் கையில் ஒரு சாண் துரும்பு, அவன் கையில் ஒரு சாண்.

அவள் அந்தத் துரும்பையும் என்னையும் பார்த்தாள். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கண்ணனுக்கும் அவருக்கும் தீந்து போச்சு. எனக்குத் தீரல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாட்டாமையின் கணக்குப்பிள்ளை முத்திரைத்தாளில் ஏதோ எழுதினார், கடகடவென்று படித்தார். நான் கட்டைவிரலை மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் வைத்தேன். மாப்பிள்ளை அதற்குள் டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். மறுநாள் நான் அரியலூர் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று காகிதம் என் மடிக்கு வந்தது.

விடிந்ததும் அவள் வண்டியருகில் நின்றாள். "நானும் வரேன்" என்றாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில், என் மடியிலிருந்த காகிதத்தை வாங்கி, முட்டாய்க்கடை பாயிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மனைவி தன் கையாலேயே துரும்பு முறித்ததாக எழுதியிருந்தது. ஜீவனாம்சத்துக்கு உண்டானதைப் பெற்றுக்கொண்டாள், இனி கேட்க மாட்டாள் என்று எழுதியிருந்தது. அப்புறம் பாய் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரியைப் படித்தார். பெண் குழந்தைக்கு ஏழு வயது நிறைந்ததும் தகப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டியது.

இந்த வரியைக் கணக்குப்பிள்ளை படிக்கவில்லை. என் காது அவ்வளவு மோசமில்லை.

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு காலேஜ் பையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவனும் அதே வரியைப் படித்தான். அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரையில், அப்படியே.

"ரேக ஒங்களுது, பேச்சு மட்டும் என்னுதாண்ணே?" என்றாள்.

"கிழிச்சுப் போட்டுடலாம்" என்றேன். உண்மையாகவே கிழிக்கத்தான் எடுத்தேன்.

"கிழிக்காதீங்க. கொண்டு போயி ஒங்க மாப்புள்ளகிட்டயே குடுங்க. அவரே அத கோர்ட்டுக்குக் கொண்டாரட்டும்."

அன்றிலிருந்து அவன் எனக்குத்தான் மாப்பிள்ளை. எங்கே பார்த்தாலும் கேட்பாள்: "என்னண்ணே, ஒங்கள அத்துவிட்டவரு நல்லா இருக்காரா? கண்ணுல பட்டாரா?" சாகும்வரை இதை விடமாட்டாள் என்று தெரிந்த பிறகு, நானும் "இருக்காரு, இருக்காரு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அவள் கோர்ட்டுக்குப் போனாள். வக்கீல் ஒருவர், சின்ன வயசு, பீஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அதை உடனே நம்பாமல், அவருடைய குமாஸ்தாவிடமும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். புருஷன் தீர்த்துவிட்டாலும், பெண்சாதி மறுபடி கட்டிக்கொள்ளாதவரை ஜீவனாம்சம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று அந்த வக்கீல் சொன்னார். ஆனால் அவளாகவே ஒப்பி, வாங்க வேண்டியதையும் வாங்கிக்கொண்டாள் என்று அந்தக் காகிதம் நின்றுவிட்டால் கஷ்டம் என்றும் சொன்னார்.

ஊரில் இது பரவியது. கணக்குப்பிள்ளை எல்லா வரியையும் படித்ததாகச் சாதித்தார். நாட்டாமை அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"நீ ஒண்ணும் வாங்கிக்கலன்னு சிறுவாச்சூரு ஆத்தா முன்னாடி சூடத்த அணச்சு சத்தியம் பண்ணுவியா?"

சிறுவாச்சூர் காளி என்றால் எங்கள் பக்கம் பொய் சொல்பவன் அந்த ரோட்டிலேயே போகமாட்டான். அந்தக் கோயிலும் எல்லா நாளும் திறப்பதில்லை.

அவள் சொன்னாள்: "கோயிலு திங்கக்கெழமையும் வெள்ளிக்கெழமையுந்தானுங்க தொறக்குது. நான் திங்கக்கெழமையும் வரேன், வெள்ளிக்கெழமையும் வரேன். ரெண்டு தடவ அணைக்கிறேன். எல்லா வரியையும் படிச்சேன்னு ஒங்க கணக்குப்புள்ளையும் ரெண்டு தடவ அணைக்கட்டும்."

அந்தத் திங்கட்கிழமை கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு சத்தியப் பேச்சு நின்றது.

கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது அவள் இல்லை. அவன் பக்கத்து வக்கீல்தான். காகிதத்தில் என் ரேகை இருந்ததே. சாட்சிக்கு முதல் நாள் நாட்டாமை என்னைக் கூப்பிட்டு, செவலையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "துரும்பு முறிஞ்சுதான்னு கேட்டா முறிஞ்சுதுன்னு சொல்லு. ரேகை ஒன்னுதான்னு கேட்டா என்னுதுன்னு சொல்லு. ரெண்டும் நெசந்தானே? அதுக்கு மேல பேசாத."

அன்று சாயங்காலம் அவள் வீட்டு வழியாகத்தான் போனேன். என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, நாளைக்கு என்ன நடந்துச்சோ அத ரெண்டு தடவ சொல்லுங்க. ரெண்டு தடவையும் ஒண்ணா இருந்தாப் போதும். வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கூண்டில் ஏறினேன். அவன் வக்கீல் கேட்டார்.

"துரும்பு முறிச்சது நெசந்தானே?"

"நெசந்தானுங்க."

"இது ஒம்ம ரேகைதானே?"

"என்னுதுதானுங்க."

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்துச் சின்ன வக்கீல் எழுந்தார்.

"ஒரு முனைய புருஷன் புடிச்சாரு. மறுமுனைய யாரு புடிச்சது?"

பெஞ்சில் நாட்டாமை உட்கார்ந்திருந்தார். அவளையும் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, எண்ணுவது போல.

"நான்தானுங்க புடிச்சேன்."

மாஜிஸ்திரேட்டு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன? திரும்பச் சொல்லும்."

"நான்தானுங்க புடிச்சேன். தங்கச்சி புடிக்க மாட்டேன்னுடுச்சு. நான் அண்ணன் முறைங்க."

இரண்டாவது முறை சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. கணக்குப்பிள்ளை கடைசி வரியைப் படிக்காதது, அவள் எதுவும் வாங்கிக்கொள்ளாதது எல்லாம் கேட்காமலேயே சொன்னேன். போதும் போதும் என்றார்கள்.

மாதாமாதம் அவளுக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம், கோர்ட்டிலேயே கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் தான் சொல்ல முடியாது, அதற்குத் திருச்சி ஜில்லா கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட்டு. ஆனால் ஊரில் உட்கார்ந்து எழுதிக்கொண்ட காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் பிள்ளையைக் கைமாற்ற முடியாது என்றார். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. கோர்ட்டுக் கிளார்க் அதைத் தமிழில் அவளுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த கேசுக் கட்டை எடுத்தார்.

அவள் நகரவில்லை.

"என்னம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்டு.

"இன்னொருத்தரு படிச்சுச் சொல்லணுங்க."

அவளுடைய வக்கீலுக்கு வேர்த்தது. மாஜிஸ்திரேட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தோற்றுப்போன பக்கத்து வக்கீலிடம், "நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் எழுந்து, தனக்கு எதிரான தீர்ப்பை, ஒரு வரி விடாமல் அவளுக்குத் தமிழில் சொன்னார். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். முதல் மாதம் பணம் வாங்க வந்தபோது ரேகை வைத்தாள். அவள் எதிலும் ரேகை வைத்து நான் பார்த்தது அன்றுதான். வைத்த விரலை வீடு வரும்வரை துடைக்கவில்லை.

சாட்சி சொன்ன அன்று நான் வீட்டுக்குப் போனபோது கொட்டகையில் மயிலை மட்டும் நின்றது. நாட்டாமை ஆள் வந்து செவலையை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தான். நுகத்தடியில் ஒரு பக்கம் காலி. மறுநாள் அவள் வந்து பார்த்தாள். "ரெண்டு தடவையும் ஒண்ணாத்தான் சொன்னீங்க" என்றாள். பிறகு தச்சரைக் கூட்டிவந்து, ஒற்றை மாட்டு வண்டியாக மாற்ற என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, பக்கத்து ஊர்த் தச்சரிடமும் கேட்க ஆளனுப்பினாள். நான் கல் வண்டியை விட்டுவிட்டு, ஒற்றை மாட்டில் தண்ணீர் இழுக்கப் போனேன். மயிலைக்கும் எனக்கும் அது ஒத்துக்கொண்டது.

இனி பஸ் கதை. மாப்பிள்ளைக்குப் பெரம்பலூர் அரியலூர் ரூட் போட்டிருந்தார்கள். மாதாமாதம் பணம் வாங்க அரியலூர் போக அவளுக்கு எத்தனையோ பஸ் உண்டு. அவன் ஓட்டும் பஸ்ஸில்தான் போவாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள். எனக்குத் தெரிந்து, யாரிடமும் கேட்காமல் அவள் ஏறிய பஸ் அது ஒன்றுதான்.

"எதுக்கும்மா வம்பு?" என்றேன்.

"டிக்கெட்டு வாங்கிக்கிட்டுத்தானே உக்காருறேன்."

குழந்தைக்கு ஏழு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது நாட்டாமை சொல்லிவிட்டார்: கோர்ட்டு என்ன சொன்னாலும் ஊர் எழுத்து ஊர் எழுத்துதான், அன்றைக்கு ஆள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும். அவள் அம்மா, பிள்ளையை எங்கேயாவது ஒளித்து வைக்கலாம் என்று அழுதாள். நான் அரிவாளைத் தீட்டி வைத்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

அன்று காலையில் அவள் பிள்ளைக்குத் தலை வாரி, கனகாம்பரம் வைத்து, பாவாடை சட்டை போட்டு, ரோட்டுக்குக் கூட்டிவந்தாள். நானும் கூடப் போனேன். அவன் பஸ் வந்தது. ஏறி, அவனுக்கு நேர் பின்னால் பிள்ளையை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரியலூரு. ரெண்டு முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு" என்று கண்டக்டரிடம் கேட்டாள். பிறகு குரலை உயர்த்தி என்னிடம் சொன்னாள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தும்:

"இன்னையோட இவளுக்கு ஏழு வயசுண்ணே. ஆளு அனுப்ப வேணாம். கேக்குறவங்க கேக்கட்டும்னு நானே கூட்டியாந்துட்டேன். கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கா."

கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. பிள்ளையை ஒரு தடவை பார்த்தது. அப்புறம் ரோட்டைப் பார்த்தது. அரியலூர் வரை அந்தக் கண் மறுபடி கண்ணாடிக்கு வரவில்லை. வண்டியை மட்டும் மெதுவாக ஓட்டினான். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து. பின்னால் வந்த லாரியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று.

பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் கடைசி. பிள்ளை படியில் ஒரு காலை வைத்தது. படி உயரம். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பாமல் சொன்னான்:

"பாத்து எறங்கு பாப்பா."

பிள்ளை நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தது. இறங்கலாமா என்று.

"இரு. இன்னொருத்தரும் சொல்லட்டும்" என்றாள்.

கீழே நின்ற கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்து எறங்கு பாப்பா" என்று அவரும் சொன்னார்.

அப்புறம்தான் பிள்ளை இறங்கியது.